மலைச்சரிவில் ஒரு நாள் கூலி

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காஞ்சிபுரத்தில் நின்றுகொண்டு நிலச்சரிவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று, அழைப்பிதழைப் பார்த்தவர்களில் சிலராவது கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்வி. நம்மைச் சுற்றி ஏரியும் வயலும்தான். மலை என்று நாம் சொந்தம் கொண்டாடுவது வரதர் கோயிலின் அத்திகிரி. அதற்கும் இருபத்துநான்கே படிகள்.

ஆனால் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது நம் தெருக்களில் பெய்த அதே மழைதான் திருவண்ணாமலையிலும் பெய்தது. மறுநாள், டிசம்பர் 1 மாலை, அங்கே வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி ஒரு வீட்டை மூடிவிட்டன. ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்கு, கொப்பரையும் நெய்யும் சுமப்பவர்களைத் தவிரப் பக்தர்கள் யாரையும் மலையேற விடவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாம் போய்வரும் ஊர் அது, பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர். நிலச்சரிவு என்றால் ஊட்டி, மூணாறு, இமயமலை என்று எண்ணிக்கொண்டிருந்த நமக்கு, அது மூன்று மணி நேரப் பேருந்துத் தொலைவில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

இங்கே பேச இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுக்குள்ளேயே பிழைப்பு இருக்கும் குடும்பங்களின் ஊர் இது. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழி இருக்கும் கூடத்தில்தான் சமையலும் படுக்கையும். ஐப்பசி கார்த்திகையில் குழியில் நீர் ஊறினால் மிதியில் கால் வைக்க முடியாது. தெருவில் பாவு நீட்ட முடியாது. ஈரத்தில் பட்டு இழையும் சொன்னபடி கேட்காது. அப்போது வீட்டை விட்டுப் போங்கள் என்றால், அந்தப் பேச்சு வீட்டோடு நிற்பதில்லை. தறியை விட்டு, முன்பணம் வாங்கிய புடவையை விட்டு, அந்த வாரக் கூலியை விட்டுப் போகச் சொல்வதாகிறது. மலைக்காரர் ஏன் எச்சரித்தும் நகர மறுக்கிறார் என்பதைச் சென்னையின் குளிர்பதன அறையில் விளக்குவது கடினம். நெசவாளர்களான உங்களிடம் எளிது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். மலைக் குடும்பத்தின் முன்னெச்சரிக்கை, அறிவு இருக்கிறதா இல்லையா என்ற கணக்கில் வராது. அது கூலிக் கணக்கு. ஆபத்தான சரிவில் குடியிருப்பவருக்கு அது ஆபத்தான சரிவு என்று தெரியும், பெரும்பாலும் நம்மைவிட நன்றாகவே தெரியும். ஒரு நாள் விலகி இருக்க என்ன செலவாகும், அதை யார் தருவது என்பதுதான் தெரியாது.

பெட்டிமுடியை எடுத்துக்கொள்வோம். மூணாறுக்கு அப்பால், இராஜமலைக்குக் கீழே, நயமக்காடு எஸ்டேட்டின் ஒரு டிவிஷன். 2020 ஆகஸ்ட் 6 இரவு பத்தே முக்கால் மணி அளவில் மலை இறங்கி நான்கு லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, மூடியது. எழுபது பேர் மாண்டார்கள். அவர்களில் நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாறுப் பக்கம் வேர் உள்ளவர்கள், ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். மின்சாரம் போய், தொலைபேசியும் போய்விட்டதால் வெளியுலகுக்கு மறுநாள் காலைதான் சேதி தெரிந்தது. அதே ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோட்டில் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 லட்சம். அப்போதே பலர் இதைக் கேட்டார்கள். கேட்கத்தானே வேண்டும்?

அந்த மனிதர்கள் ஏன் அந்த இடத்தில் இருந்தார்கள்? அவர்களாக மனை பார்த்து, வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகள் அல்ல அவை. கொழுந்து இருக்கும் காட்டுக்கும் தண்ணீர் ஓடும் ஓடைக்கும் பக்கமாக இருக்கட்டும் என்று கம்பெனி போட்ட வரிசை. வேலையில் இருக்கும்வரை லயத்தில் ஒரு அறை. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டுமென்பதற்காகவே படித்த பெண்ணைக் கொழுந்துக்கு அனுப்பும் குடும்பங்கள் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை என்ற பேரில், அப்போது அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். கேட்டது 500. கிடைத்தது 301. அந்தக் கூலியில் சரிவில்லாத இடத்தில் நிலம் வாங்கி வீடு கட்டி முன்னெச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொன்னது என்றும் பார்க்க வேண்டும். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தருவதை முதலாளியின் கடமை ஆக்கியது. நல்ல சட்டம்தான். 1981-இல் அதில் 16ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: தந்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் முதலாளி இழப்பீடு தரவேண்டும். ஆனால் குடியிருந்தவரின் தவறால் இடிந்தாலும், இயற்கைச் சீற்றத்தால் இடிந்தாலும் பொறுப்பில்லை. ஓடைக்கரையில் வரிசையைப் போட்டது இயற்கையா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. சட்டம் எழுதுகிறவர்கள் சில சமயம் கதவை வைத்துவிட்டு உடனே தாழ்ப்பாளையும் வைத்துவிடுகிறார்கள்.

இலங்கை மலையகத்தின் கதை இதைவிட வெளிப்படையானது. பதுளை மாவட்டம், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29 காலை ஏழரை மணி. பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், பெரியவர்களில் பலர், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய்விட்டார்கள். அதனால் தப்பினார்கள். வீட்டில் இருந்தவர்கள் மீது மலை விழுந்தது. எச்சரிக்கை இல்லையா? இருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் இந்த மக்களை அங்கிருந்து அகற்றச் சொல்லியிருந்தது. ஒன்பது வருடம் முன்னதாக வந்த எச்சரிக்கை! உலகத்தில் எந்த நாட்டுக்கு இத்தனை அவகாசம் கிடைக்கும்? ஆனால் போவது எங்கே? ஏறக்குறைய இரு நூற்றாண்டாகத் தோட்டங்களில் உழைத்த சமூகத்தில் பெரும்பாலோருக்கு மண்ணில் ஒரு துண்டு நிலமும் சொந்தமில்லை. பேர் விழுந்தால்தான் கூலி, நிர்ணயித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைக் கூலி. தப்பியவர்கள் மாக்கல்தெனியாவில் மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு இருந்தார்கள். பிறகு 2016-இல் 75 வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அந்த 75 வீடுகளை 2006-இல் கட்டியிருக்கலாம் என்பதைச் சொல்ல எந்த நிபுணரும் வேண்டாம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அதே மலையகத்தை மறுபடி உலுக்கியது. இலங்கை முழுவதுமாக அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுதான் பெரிய எமன்.

நம் பக்கம் நீலகிரி. அங்கே இரண்டு மழை. கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவம். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவம். அதனால் ஆண்டில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு பக்கம் மண் ஊறிக்கொண்டே இருக்கும். 1978, 1979 சரிவுகளைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2009 நவம்பர் 10-ஆம் தேதிக் கணக்கில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர். அந்தச் சில நாட்களில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சிறிதும் பெரிதுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட சரிவுகளைப் புவியியல் துறையினர் எண்ணினார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாளில் 91 சென்டிமீட்டர். மாவட்ட நிர்வாகம் ஆபத்தான இடங்கள் என்று 283-ஐக் குறித்து வைத்திருக்கிறது. கொல்கத்தாவில் 2024 ஜூலையில் தொடங்கிய தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம், நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் டார்ஜிலிங், காலிம்போங்குடன் நீலகிரியும் ஒன்று. அறிவியல் தன் பங்கைச் செய்யத் தொடங்கிவிட்டது.

ஆக, ஒரு சாயங்காலம் வருவாய் ஆய்வாளர் வந்து, “அம்மா, இன்னைக்கு ராத்திரி பள்ளிக்கூடத்துல வந்து படுத்துக்குங்க” என்கிறார். அந்த அம்மாள் என்ன நினைப்பார்? பால் கறக்கும் மாடு கொட்டகையில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் மாட்டுக்கு இடமில்லை. காலை ஆறு மணிக்குப் பால் சொசைட்டிக்கு ஊற்றாவிட்டால் வாரப் பணத்தில் பிடிப்பு. கேரட் போட்டவராக இருந்தால் இன்னும் சங்கடம். மழை தொடர்ந்தால் கேரட் மண்ணுக்குள்ளேயே அழுகும்; அதனால் மழைக்காலத்தில்தான் அவசர அவசரமாக, விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அந்தச் சரிவிலேயே நின்று பிடுங்குவார்கள், மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி போயாக வேண்டும். பச்சைத் தேயிலைக்காரருக்கோ மழை விட்டதும் கொழுந்து முற்றிவிடும் என்ற கவலை. வீட்டைப் பூட்டிப் போனால் திருட்டு பயம். வயதுக்கு வந்த பெண்ணை ஊரே படுத்திருக்கும் கூடத்தில் கொண்டுபோய் விடுவதில் தயக்கம். போன வருடமும் இதே போலக் கூப்பிட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. போனதில் இரண்டு நாள் கூலிதான் போனது.

இத்தனை கணக்கையும் கூட்டிக் கழித்துவிட்டு, “நாளைக்குப் பாக்கலாம் சார்” என்கிறார். அதிகாரி தன் அறிக்கையில் ‘மக்கள் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுகிறார்.

எனக்கு அந்த வாசகத்தின் மீது கோபம் உண்டு.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இன்னொரு சிக்கல். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களுக்காகவே அங்கே அரசு தேயிலைத் தோட்டம் உருவானது. பின்னால் அது டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. மீரியபெத்தையில் செத்தவர்களின் தாயாதிகள்தான் இவர்கள். அங்கே லயத்தை விட்டு இங்கே லயத்துக்கு வந்தவர்கள். அந்த வட்டாரத்து ஜென்ம நிலச் சிக்கல், அதாவது ஜமீன் போன்ற பழைய நிலவுரிமைச் சிக்கல், 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுக்குள் மாட்டிக்கொண்டு இன்னும் தீரவில்லை. ஆகவே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பட்டா இல்லை. வெளியேறினால் திரும்ப விடுவார்களா என்ற பயம், மண் விழும் பயத்தைவிடப் பெரிது. பேரிடரைச் சாக்காக வைத்து வனத்துறை நம்மைக் காலி பண்ணுகிறது என்று அவர்கள் நினைத்தால் அதை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது; அப்படி நினைக்க அவர்களுக்கு வரலாறு இருக்கிறது.

பட்டாவின் அருமை சரிவு விழுந்த பிறகுதான் முழுதாகத் தெரியும். மத்திய உள்துறை அமைச்சகம் 2015-இல் வெளியிட்ட பேரிடர் நிவாரண விதிமுறையைப் படித்தால் புரியும். நிலச்சரிவில் நிலமே போய்விட்டால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 37,500 ரூபாய். ஹெக்டேர் என்றால் இரண்டரை ஏக்கர். இந்த ஊர்க் கடைகளில் கல்யாணக் கூறைப் புடவை ஒன்றின் விலை. அதுவும் வருவாய்ப் பதிவேட்டில் நிலம் அவர் பேரில் இருந்தால். அதே விதிமுறையில் நீங்களும் இருக்கிறீர்கள்: கைத்தறி, கைவினைஞருக்குக் கருவி பழுதானால் 4,100, மூலப்பொருள் நாசமானால் 4,100. ஜரிகையோடு சேர்த்து ஒரு பாவின் விலை என்ன என்பதை உங்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் தொகைகளைக் கூட்டினார்கள். போன பிறகு கொடுப்பது என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

மண் ஏன் இறங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையின் மேல்தோல், ஆண்டாண்டுக் காலமாகப் பாறை மக்கி உண்டான மண். சில இடங்களில் பல ஆள் ஆழம். அடியில் கடும்பாறை. நீர் உள்ளே இறங்கி, பாறையில் மோதி, போக வழியில்லாமல் மண்ணுக்குள்ளேயே தேங்கினால் அந்த நீரின் அழுத்தம் மண் துகள்களின் பிடியைத் தளர்த்தும். கீழே பாதைக்கோ வீட்டுக்கோ அடிவாரத்தை ஜேசிபி வைத்து வெட்டியிருந்தால் தாங்கி நிற்கக் காலும் இல்லை. அவ்வளவுதான். இதில் காஞ்சிபுரத்தார் கவனிக்க ஒன்று உண்டு. ஏரிகளின் ஊர்க்காரர்கள் நாம். விழுந்த சொட்டை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவதே புண்ணியம் என்று வளர்ந்தவர்கள். மலைச்சரிவில் அந்தப் புண்ணியம் சில இடங்களில் பாவமாகிவிடும். 2019 ஆகஸ்ட் 8 அன்று மலப்புறம் மாவட்டம் கவளப்பாறையில் 59 பேர் இறந்த சரிவை ஆராய்ந்தவர்கள், மேலே ரப்பர் மறுநடவுக்காகத் தோண்டிய குழிகளையும் வெட்டிய படிகளையும் சுட்டிக்காட்டினார்கள். செங்குத்தான சரிவில் மழைக்குழி வெட்டுவதைவிடக் கல் பாவிய வடிகாலைச் சுத்தமாக வைப்பது மேல். ஊரக வேலைத் திட்டத்தில் மலைக் கிராமங்களுக்கும் சமவெளிக்கும் ஒரே மாதிரிக் குழிவெட்டு வேலையைக் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மலை ஊரில் ஐப்பசிக்கு முன் வடிகால் தூர்வாருவதே அந்த வேலையாக இருக்கலாம். கூலியும் கிடைக்கும், உயிரும் மிஞ்சும்.

அறிகுறிகளும் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்தவைதான். ஊற்றே இல்லாத இடத்தில் கலங்கல் நீர் கசிவது, நேற்றுவரை சாத்திய கதவு இன்று சட்டத்தில் இடிப்பது, முற்றத்தில் பிறைபோல வெடிப்பு, கம்பமோ மரமோ சாய்வது, ஓடிக்கொண்டிருந்த ஓடை மழையிலேயே திடீரென வற்றுவது. கடைசியாகச் சொன்னதைப் பார்த்தால் மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடுவதுதான் ஒரே வழி. மேலே எங்கோ மண் அடைத்து நீரைத் தேக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மழையை அளப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. இலங்கையின் அந்தக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படி வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனம். 100 தாண்டினால் மூட்டை கட்டித் தயாராக இரு. 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால், கிளம்பு. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்தால் போதும். நீரின் உயரமே மழையின் அளவு. நம் பிள்ளைகள் பென்சில் டப்பாவில் வைத்திருக்கும் சின்ன ஸ்கேல் இருக்கிறதே, அதில் கோடிட்ட அளவு 15 சென்டிமீட்டர், அதாவது 150 மில்லிமீட்டர். ஸ்கேல் முழுகினால் வீட்டில் இருக்கக் கூடாது. இலங்கை மண்ணுக்கு வைத்த அளவு அது. ஏற்கெனவே வாரக்கணக்கில் ஊறிய நிலத்துக்கு அதைவிடக் குறைந்த மழையே போதும். ஆனால் ஒவ்வொரு ஊரும் தன் அளவைத் தானே கண்டுபிடிக்க ஒரு ஸ்கேலும் ஒரு நோட்டுப் புத்தகமும் தொடக்கமாக இருக்கும். வயநாட்டில் ஹியூம் மையம் என்ற அமைப்பு, ஊர்க்காரர்களே அளந்து சொல்லும் இருநூறுக்கு மேற்பட்ட மழைமானிகளை வைத்துக்கொண்டிருந்தது. 2024 ஜூலை கடைசியில் அந்தப் பகுதியில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் பதிவானது. அந்த மாதம் 30-ஆம் தேதி விடியும் முன் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் அழிவதற்கு 16 மணி நேரம் முன்பே அந்த மையம் நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டது. 1984-இல் அதே முண்டக்கையில் விழுந்ததையும், 2019-இல் பக்கத்துப் புத்துமலையில் விழுந்ததையும் மறக்காத சில குடும்பங்கள் முதல் நாளே இறங்கியும் விட்டன. இறங்க முடிந்தவர்கள் இறங்கினார்கள். யாரால் முடிந்தது, யாரால் முடியவில்லை என்று ஆராய்ந்தால் அதில் பாதி, போய்த் தங்க உறவினர் வீடு இருந்ததா, கையில் காசு இருந்ததா என்பதில் வந்து நிற்கும் என்பது என் ஊகம்.

அந்தப் பேரழிவுக்குப் பிறகு கேரள அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. பிழைப்பை இழந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய், குடும்பத்தில் இருவருக்கு. வாடகைக்கு மாதம் 6,000. அதே வாரங்களில், அவசர உதவியாகக் கணக்கில் விழுந்த 10,000 ரூபாயிலிருந்து பழைய கடனின் தவணையை ஒரு வங்கி பிடித்துக்கொண்டதும் செய்தியானது. எதிர்ப்பு வந்ததும் திருப்பித் தரச் சொன்னார்கள். பேரிடர் வந்தாலும் தவணைத் தேதி மாறாது என்பது முன்பணம் வாங்கி நெய்யும் உங்களுக்குப் புதிய பாடமல்ல.

நான் கேட்பது, அந்த 300 ரூபாயை ஏன் முதல் நாளே கொடுக்கக் கூடாது?

சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில், நீலகிரியில் குறித்து வைத்த 283 இடம் போன்ற இடங்களில், வேலையை நிறுத்தி வெளியேறும் குடும்பத்துக்கு அன்றைய கூலி. முகாமுக்கு வந்து பேர் பதிந்தால் வங்கிக் கணக்கில் பணம். மாட்டுக்கு ஒரு கொட்டகையும் தீவனமும். இது நடக்காத கனவு என்பவர்கள் நம் கடற்கரையைப் பார்க்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீனவர் விசைப்படகில் போகக் கூடாது. அதற்காகத் தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. மீன் குஞ்சு பொரிக்க வேண்டும் என்பதற்காக மனிதர் வேலையை நிறுத்தப் பணம் கொடுக்கும் அரசு, மனிதர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகச் சில நாள் கூலி கொடுப்பதில் கொள்கை முரண் எதுவும் இல்லை.

அரசு ஒன்றே செய்யட்டும் என்றும் நான் சொல்லவில்லை. இந்த ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களில் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறதே, கூலி ஒரு ரூபாய்க்கு நெசவாளர் 8 காசு போட, அரசு 4 காசு போடும். அதை உங்களில் பலர் பிள்ளைகள் கல்யாணத்தில் நினைத்துப் பார்த்திருப்பீர்கள். கொழுந்து கிலோவுக்கு, பால் லிட்டருக்கு, இப்படிச் சில காசு பிடித்து, தொழிற்சாலையும் அரசும் தங்கள் பங்கைச் சேர்த்து, ஒவ்வொரு மலை ஊரிலும் ஒரு மழைநாள் நிதி வைக்க என்ன தடை? வசூலிக்க வலைப்பின்னல் ஏற்கெனவே இருக்கிறது. வாரா வாரம் தராசு தொங்குகிறது. மனிதர்களை ஏமாற்றுக்காரர்களாக எண்ணித் தொடங்குகிறவர்கள், மழை இல்லாத நாளிலும் வந்து பேர் கொடுத்துவிடுவார்கள் என்பார்கள். எச்சரிக்கை விடுப்பது மக்கள் அல்லவே, மழைமானி.

இன்னும் ஒன்று, அது கடினமான பகுதி: நிரந்தரமாக இடம் மாற்றுவது. சில இடங்களில் வேறு வழியே இல்லை. ஆனால் எங்கே மாற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம். பெட்டிமுடியில் தப்பியவர்களுக்குக் குற்றியாரில் எட்டு வீடு கட்டினார்கள். முண்டக்கைக்காரர்களுக்குக் கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட்டில் ஒரு நகரியத்துக்கு 2025 மார்ச்சில் கல் நாட்டினார்கள். வீடு பாதுகாப்பானது, சரி. தேயிலை பறித்தவர் அங்கிருந்து எந்தக் காட்டுக்குப் பறிக்கப் போவார்? நாட்கூலிக்காரர் பேருந்துக்கு எவ்வளவு கொடுப்பார்? இதை மலைக்கதையாக மட்டும் கேட்காதீர்கள். நம் வேகவதி ஆற்றங்கரைக் குடும்பங்களுக்குக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தபோது இங்கே நடந்த வாதம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆற்றுக்குள் வீடு இருக்கக் கூடாது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் குழித்தறிக்காரருக்கு மூன்றாம் மாடியில் வீடு கொடுத்தால் அவர் குழியை எங்கே தோண்டுவார்?

திருவண்ணாமலைச் சரிவில் இன்னும் குடியிருப்பவர்களையும் ஒரு நாள் இடம் மாற்றத்தான் போகிறார்கள். கிரிவலப் பாதையில் பூவும் இளநீரும் விற்று, பௌர்ணமிக்குப் பௌர்ணமி பிழைக்கும் குடும்பங்கள் அவற்றில் உண்டு. அதனால் மாற்றுவீடு கேட்கும் விண்ணப்பத்தில், பெயர், தந்தை பெயர், ஆதார் எண் ஆகியவற்றுக்குக் கீழே இன்னும் சில வரிகளை அச்சிட்டாக வேண்டும்: காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறீர்கள்? நடந்தா, பேருந்திலா? வீட்டுக்குள் வைத்துச் செய்யும் தொழில் என்ன, அதற்கு எத்தனை அடி தரை வேண்டும்? மாடு எத்தனை, ஆடு எத்தனை? யாரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள்? பக்கத்து வீடாக யார் வேண்டும்? இந்த வரிகளை நிரப்பி வாங்கிய பிறகு அதிகாரிகள் நிலம் தேடக் கிளம்பட்டும்.